லண்டனுக்குச் சொன்ன விடுதலை

7

"அடிமை வெச்சிருந்த அரசாங்கமே, அடிமைகளை விட்டுடறோம்னு முன்வந்துச்சா இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்துச்சு சார். ஆனா எப்போ..."

"ஆனாவெல்லாம் எதுக்குங்க?"

"...எப்போ, யார்கிட்ட வந்து சொன்னாங்கன்னு..."

"வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டீங்க. அவ்வளவுதாங்க. முடிஞ்சுது."

முடியவில்லை. கலிபோர்னியாவில், குபெர்டினோ மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டு ஹாலில் இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன.

ஒரு குரல் வீட்டுக்காரர் சேனாபதியுடையது. கரூரில் பிறந்து, டெக்சாஸில் பணம் பார்த்து, இப்போது மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு தொழிற்சாலை வைத்திருப்பவர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழ்ச் சங்க விழாக்களில் பவர்பாயிண்ட் போட்டுப் பேசுவார். எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்பதைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு போடுவார்கள் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

இன்னொரு குரல் நாகமணியுடையது. சான் ஹோசேயில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இடுப்பு அசையவில்லை என்று எழுதிக்கொடுத்தவர்களை எல்லாம் கல்யாண வீட்டு டான்ஸில் வைத்துப் பிடித்தவள்.

மூன்றாவது ஆள் சோபா நுனியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். முகுந்த், நாகமணியின் உதவியாள். சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவன். வேலை போனதும், "தப்பு கண்டுபிடிக்கிறதுதானே மேடம், மெஷின்ல பண்ணினதை மனுஷங்ககிட்ட பண்றேன்" என்று வந்து சேர்ந்துவிட்டான்.

அவர்கள் அங்கே வந்த காரணம் எளிமையானது. சேனாபதியின் தொழிற்சாலை மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. லண்டனில் இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனம் கைகொடுத்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் கோடை முடிவதற்குள் பூட்டு. லண்டன்காரர்கள் வாரக்கணக்கில் வீடியோ காலில் பேசினார்கள். அங்கே காலை என்றால் இங்கே நடுராத்திரி. அவர்கள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சேனாபதியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். எப்போதும் அதே பெண். 'இந்தப் பெண் எப்போது வீட்டுக்குப் போவார்?' என்று லண்டனில் யாரோ கேட்டார்கள்.

அவள் பெயர் தனபாக்கியம். ஊரிலிருந்து சேனாபதி தம்பதி சமையலுக்குக் கூட்டிவந்தவள். வந்த நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போனதில்லை, பாஸ்போர்ட் முதலாளி பீரோவில் இருக்கிறது என்று லண்டன்காரர்களுக்குச் சந்தேகம். கேட்டவுடன் சேனாபதி பளிச்சென்று பதில் சொல்லியிருந்தார்: அவள் சுதந்திரமானவள், பொங்கலுக்கே விட்டாயிற்று, அவள் இஷ்டத்துக்குத்தான் இருக்கிறாள். இது நிஜமா பொய்யா என்று பார்த்து இன்று சாயங்காலத்துக்குள் லண்டனுக்குச் சொல்வதுதான் நாகமணியின் வேலை.

நாளைக்கு என்று தள்ளவும் முடியாது. நாளைக் காலை விமானத்தில் தனபாக்கியம் டெக்சாஸுக்குப் போகிறாள். பிளேனோவில் சேனாபதியின் மச்சான் வீடு. அதுவும் அவள் இஷ்டம்தான் என்றார்கள். அந்த வீட்டுக் கதவுக்குள் அவள் போய்விட்டால் பிறகு அவளைக் கேட்க ஆள் கிடையாது.

நாகமணி முதலில் தனபாக்கியத்திடமே பேசிப் பார்த்தாள். சேனாபதியின் மனைவி புஷ்பவல்லி ஒட்டி நின்றுகொண்டு நகரவில்லை. சம்பளம் வருகிறதா என்று கேட்டால் "நல்லா வெச்சிருக்காங்க" என்றாள் தனபாக்கியம். வெளியே போவதுண்டா என்றாலும் அதேதான். சலித்துப்போய், எந்த ஊர் என்று நாகமணி கேட்டாள். அதற்கும் "நல்லா வெச்சிருக்காங்க" என்று வந்தது. புஷ்பவல்லி முழங்கையால் லேசாக இடித்த பிறகுதான் "மணப்பாறைப் பக்கங்க" என்று திருத்திக்கொண்டாள். உடனே மாடிக்குப் போய்ப் பெட்டி கட்டச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் சேனாபதிக்கு ரோஷம் வந்தது. என்னைப் பார்த்தா அடிமை வைத்திருக்கிறவன் என்கிறீர்கள், அந்த வரலாற்றையே கரைத்துக் குடித்தவன் நான் என்று தொடங்கினார். தெற்கு மாநிலங்களின் கிளர்ச்சி அரசே கடைசியில் அடிமைகளை விடுவிக்க முன்வந்தது, ஐரோப்பாவுக்குத் தூதே அனுப்பியது, அவர்களைப் போய்க் கெட்டவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பொரிந்தார். நாகமணி இடைமறித்தாள். சண்டை அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

"முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னா எப்படி சார்?" என்றாள் அவள். "அவங்க தளபதி ஒருத்தரே முந்தின வருஷம் இதைத்தான் சொன்னார். அடிமைகளை விடுவிச்சுப் படையில சேர்த்துக்கலாம்னு. வாயை மூடுன்னு அமுக்கிட்டாங்க. அட்லாண்டா கையைவிட்டுப் போய், துறைமுகமெல்லாம் அடைபட்டு, கழுத்துல கத்தி வந்ததுக்கப்புறம்தான் ஞானம் வந்துச்சு. லூசியானாவுல பெரிய கரும்புத் தோட்டக்காரர் ஒருத்தர், அவரே நூத்துக்கணக்குல அடிமை வெச்சிருந்தவர். அவரை வேஷம் மாத்தி, நியூயார்க் வழியா கப்பல் ஏத்தினாங்க. எங்களை ஒரு நாடுன்னு ஏத்துக்குங்க, அடிமைகளை விட்டுடறோம்னு பேரம்."

"கடை மூடுற நேரத்துல டிஸ்கவுண்ட்" என்றான் முகுந்த், முறுக்கோடு.

"பாரிஸ், லண்டன் சரின்னா நாங்களும் சரின்னுச்சு. லண்டன் முடியாதுன்னுடுச்சு. ஆள் திரும்பறதுக்குள்ள கடையையே மூடிட்டாங்க."

சேனாபதி கையை விரித்தார். "ஆனாலும் எண்ணம் இருந்துச்சுங்களே. எண்ணம்தாங்க முக்கியம்."

"இருந்துச்சு. அந்த எண்ணத்தை அடிமைகள்ல ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொன்னாங்களா சார்?"

"என்னங்க கேள்வி இது? ராஜதந்திரம் ரகசியமாத்தான் நடக்கும். அவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

நாகமணி நல்ல விடை எழுதிய மாணவனைப் பார்ப்பதுபோல அவரைக் கொஞ்சம் பார்த்தாள்.

சேனாபதி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த சாட்சியை எடுத்தார். தனபாக்கியம் தினமும் சாயங்காலம் வாக்கிங் போகிறாளாம். பொங்கலிலிருந்து ஒரு நாள் விட்டதில்லையாம். வரும்போதே செருப்பு ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்களே என்றார்.

பார்த்திருந்தார்கள். பார்க்காமல் இருக்க முடியாது. முன்வாசலில் நிலைப்படியை ஒட்டி ஆளுயரத்துக்குத் தேக்கு ஸ்டாண்டு. சேனாபதியின் கோல்ஃப் ஷூ, ஆபீஸ் ஷூ, புஷ்பவல்லியின் பட்டுப்புடவைக்குத் தனி, ஜீன்ஸுக்குத் தனி, பனிமலைக்குப் போகும்போது போடும் பூட்ஸ். "டோக்கன் ஒண்ணு குடுத்தா பழனி அடிவாரம் மேடம்" என்று முகுந்த் அப்போதே முணுமுணுத்தான். நடுத் தட்டில், முதலாளி ஷூவுக்கும் முதலாளியம்மா செருப்புக்கும் நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி வாக்கிங் ஷூ. சேனாபதி அப்போதே அதை விரலால் காட்டி, அது தனபாக்கியத்துடையது என்று கேட்காமலே சொல்லியிருந்தார்.

"எங்க ஷூவோட ஷூவா வெச்சிருக்கறோம் பாருங்க" என்றார் இப்போதும். "இந்த வீட்டுல வித்தியாசமே கிடையாதுங்க."

புஷ்பவல்லி ஆமோதித்தாள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களே இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள் என்று சேர்த்துக்கொண்டாள்.

நாகமணிக்கு போன் பேச வேண்டியிருந்தது. முகுந்துக்குக் கை கழுவ வேண்டியிருந்தது. இருவரும் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்கு வந்தார்கள்.

"நம்ம ஆளு பொய் சொல்றான் மேடம்" என்றான் முகுந்த். "எனக்கு வயித்துக்குள்ள தெரியுது."

"அது முறுக்கு. லண்டனுக்கு உன் வயித்தை அனுப்ப முடியாது. ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"ஷூவுக்கு மேல ஒரு ஆதாரம் எங்கேர்ந்து கொண்டாரது? சாட்சியும் நல்லா வெச்சிருக்காங்கன்னு ஒரே வசனம். கேஸ் அவுட் மேடம்."

பேசிக்கொண்டே எலுமிச்சை மரத்தடிக் குழாயைத் திறந்தவன், அப்படியே நின்றான். குழாய்க்குப் பக்கத்தில் செங்கல் திட்டு. அதன்மேல் ஓர் எவர்சில்வர் தட்டும் தம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. இரண்டின் அடியிலும் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு.

"சமையக்கட்டுல ஒரு கார் நிறுத்தற அளவுக்கு டிஷ்வாஷர் இருக்கு" என்றான் மெதுவாக. "இது ரெண்டுக்கு மட்டும் அதுல இடம் இல்லையாம்."

"பொட்டு எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? மத்த பாத்திரத்தோட தப்பித் தவறிக் கலந்துடக் கூடாதுன்னு. எங்க பெரிய மாமா வீட்டுலயும் இருந்துச்சு." தட்டைத் திருப்பி வைத்தான். "பதினைஞ்சாயிரம் கிலோமீட்டர் வராங்க மேடம். ஊறுகாய் ஏர்போர்ட்ல மாட்டிக்குது. இது மட்டும் மாட்டிக்காம வந்துடுது."

நாகமணி போனைப் பைக்குள் போட்டாள். அவள் முகத்தில் இன்ஷூரன்ஸ் காலத்துச் சிரிப்பு ஒன்று வந்து போயிற்று.

"கேஸ் அவுட்டுன்னியே, அதைச் சொன்ன வாயாலயே சான் ஹோசே பெண்கள் உதவி மையத்துக்கு போன் பண்ணு. ஒருத்தங்களைக் கூட்டிட்டு வரோம்னு சொல்லு. அப்புறம் முன்வாசலுக்குப் போய் அந்த வெள்ளை ஷூவுக்குள்ள கையை விட்டுப் பாரு."

"ஷூவுக்குள்ளயா? நான் பி.இ. படிச்சவன் மேடம்."

"அதனாலதான் ரெண்டு ஷூவுக்குள்ளயும் விடச் சொல்றேன்."

அவள் ஹாலுக்குத் திரும்பியபோது சேனாபதி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் எழுதியாயிற்றா, லண்டனில் தூங்கப் போவதற்கு முன் அனுப்பிவிடலாமே என்று அக்கறையாகக் கேட்டார். நாகமணி, கிளம்புவதற்கு முன் தனபாக்கியத்திடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகிறேன் என்றாள். புஷ்பவல்லி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அவங்க வரதுக்குள்ள ஒரே ஒரு சந்தேகம் சார். தனபாக்கியத்தோட தட்டு, தம்ளர் எல்லாம் எங்க இருக்கும்?"

சேனாபதி மனைவியைப் பார்த்தார். புஷ்பவல்லி, "அவளுக்குத் தனியா வெச்சுக்கறதுதாங்க பிடிக்கும்" என்றாள்.

"சரி. அவங்க ஷூ?"

"அதாங்க சொன்னேனே. எங்களுதோட ஒண்ணாத்தான்" என்றார் சேனாபதி.

"அங்கதான் சார் மாட்டிக்கிட்டீங்க. தேய்ச்சுக் கழுவின தம்ளரையே உங்களுதோட சேர்க்க மாட்டீங்க. தெருவை மிதிச்சுட்டு வந்த ஷூவை உங்க ஷூவுக்கு நடுவுல சேர்ப்பீங்களா? நிஜமா அவங்க தினம் வாக்கிங் போயிருந்தா அந்த ஷூ எலுமிச்சை மரத்தடியில கிடக்கும். அதுலயும் ஒரு சிவப்புப் பொட்டு இருந்திருக்கும். பொய் சொல்றப்போ உங்களைவிட நல்லவங்களா ஒரு ஜோடி ஆளுங்களைக் கற்பனை பண்ணிட்டீங்க. அவங்க இந்த வீட்டுல இல்லை."

புஷ்பவல்லியின் முகம் சிவந்தது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆரோக்கியத்துக்காக, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் முகுந்த் உள்ளே வந்தான். கண்ணாடி டீப்பாயின் மேல் புது ஷூவுக்குள் கடையில் அடைத்துத் தரும் காகித உருண்டைகள் இரண்டை, கோயில் பிரசாதம் வைப்பதுபோல வைத்தான்.

"ரெண்டு ஷூவுலயும் விரல் வெக்கிற இடத்துல இது இருந்துச்சு மேடம். பொங்கல்லேர்ந்து டெய்லி வாக்கிங். விரலையெல்லாம் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடப்பாங்க போல."

சேனாபதி ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. மாடிப்படியில் தனபாக்கியம் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே நின்றாள். இந்த வீட்டில் அவளை யாராவது கூப்பிட்டால் அவள் அந்தப் படிக்கு இப்பால் வருவதில்லை போலும்.

சேனாபதி அவளைப் பார்க்கவில்லை. நாகமணியின் பக்கம் சோபாவில் நகர்ந்து உட்கார்ந்தார். குரல் திடீரென்று உறவுக்காரக் குரலாகிவிட்டது.

"சரிங்க. நமக்குள்ள எதுக்கு? இந்த நிமிஷமே விட்டுடறேன். டெக்சாஸ் டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன். லண்டனுக்கு மட்டும் பொங்கல்லேர்ந்துன்னு சொல்லிடுங்க. அந்த ஃபேக்டரிய நம்பி எத்தனை குடும்பம் இருக்குதுங்க, அதை நினைச்சுப் பாருங்க."

"டெக்சாஸ்னதும்தான் ஞாபகம் வருது" என்றாள் நாகமணி. "வடக்குப் படை கிட்ட வர வர, லூசியானாத் தோட்டக்காரங்க அடிமைகளையெல்லாம் டெக்சாஸுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. யாரும் வந்து விடுவிச்சுடக் கூடாதுன்னு. விடுதலைச் சேதி அங்கதான் கடைசியா போய்ச் சேர்ந்துச்சு. உங்க பவர்பாயிண்டுல அந்தப் பக்கம் இருக்கா சார்?"

"நான் இப்ப விட்டுடறேன்னு சொல்றனுங்களே."

"ரெண்டாவது தடவையா சொல்றீங்க. பொங்கலுக்கே விட்டாச்சுன்னு லண்டன்கிட்ட சொன்னீங்க. இப்ப என்கிட்ட சொல்றீங்க. அவங்க அந்தப் படியில நிக்கிறாங்க."

சேனாபதி திரும்பினார். திரும்பிய பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாகமணி எழுந்து படிக்கட்டருகே போனாள். புஷ்பவல்லியும் எழுந்தாள். நடுவில் முகுந்த், கையில் எடுத்த முறுக்குத் தட்டைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன்போல வந்து நின்றுகொண்டான்.

"தனபாக்கியம், பொங்கல் அன்னிக்கு அய்யா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? இனிமே நீங்க உங்க இஷ்டப்படி போகலாம், இருக்கலாம்னு?"

தனபாக்கியம் புஷ்பவல்லியைப் பார்த்தாள். அவளை முகுந்தின் முதுகு மறைத்திருந்தது. பிறகு வெகு நேரம் யோசித்தாள். ஏதாவது சொல்லி, தான்தான் மறந்துவிட்டோமோ என்கிற பயம் அவள் முகத்தில் இருந்தது.

"பொங்கலன்னிக்கு வீடு நிறைய விருந்தாளிங்கம்மா. அடுப்பை விட்டு நகரவே இல்லை. உப்பு கம்மின்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலீங்க."

நாகமணி பலரைப் பொய்யில் பிடித்திருக்கிறாள். பிடித்ததும் ஒரு சின்ன சந்தோஷம் வரும். இன்று அது வரவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கப் பார்க்க, நிமிர்ந்து நின்று வெறுப்பதற்குக்கூட லாயக்கில்லாதவர் என்றுதான் தோன்றியது.

அவள் தனபாக்கியத்திடம் நிதானமாகச் சொன்னாள். நாளைக்கு டெக்சாஸ் போக வேண்டியதில்லை. இந்த வீட்டில் இருக்க வேண்டியதும் இல்லை. சான் ஹோசேயில் தங்க ஓர் இடம் இருக்கிறது, தமிழ் பேசுகிற ஆள் வைத்து விசாரிப்பார்கள், சம்பள பாக்கியைக் கேட்டு வாங்குவதும் ஊருக்குப் போவதும் அதற்கப்புறம் அவள் முடிவு. கதவு பூட்டவில்லை. இதையெல்லாம் அவளுக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

பிறகு சேனாபதியிடம் திரும்பி, பாஸ்போர்ட் என்றாள். சேனாபதி எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பொங்கலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக லண்டனுக்குச் சொல்லியிருந்த பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து நாகமணியிடம் நீட்டினார்.

நாகமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதையும் என்கிட்டக் குடுக்காதீங்க சார்."

அவர் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அது மெல்லத் தனபாக்கியத்தின் பக்கம் நகர்ந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதில் இருந்த தன் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. துணிப்பைக்குள், புடவைகளுக்கு அடியில் செருகினாள்.

"லண்டனுக்கு என்னன்னு எழுதப் போறீங்க?" என்று கேட்டார் சேனாபதி. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"நல்லா வெச்சிருக்காங்கன்னு எழுதிடலாம் மேடம்" என்றான் முகுந்த். "எந்தக் கேள்விக்கும் செட் ஆகிற பதில்."

நாகமணி வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். மேற்கு வெயில் நிலைப்படி தாண்டி உள்ளே விழுந்தது. தனபாக்கியம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலைக் கடந்து வந்தாள். வாசல் மிதியடி வரை வந்ததும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. வெளியே சிமெண்டுத் தரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் காலில் ஒன்றுமில்லை.

முகுந்த் குனிந்து அந்த வெள்ளை ஷூவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடாமல் ஒரு அடி பின்வாங்கினாள். அம்மாவுடைய புது ஷூ, கால் பட்டால் அழுக்காகிவிடும் என்றாள். அது அவளுக்காகத்தான் வாங்கியது என்று சொல்ல முகுந்த் வாயெடுத்தான். நாகமணி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

தனபாக்கியம் ஸ்டாண்டை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். கோல்ஃப் ஷூ, ஆபீஸ் ஷூ, பனிமலை பூட்ஸ். ஒவ்வொரு தட்டாக, ஒன்றையும் விடாமல் தேடினாள். அப்புறம் திரும்பி, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"அய்யா, நான் வரப்போ போட்டுக்கிட்டு வந்த செருப்பு எங்கீங்க?"